ஏரிக்கரைக் கசடு

எனக்கு முதல் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி பம்பு உறைகளும் மோட்டார் உறைகளும் செய்கிற இடம். வார்த்து வந்ததில் ஒரு துண்டை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று நான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தேறாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உற்பத்தி மேலாளர் உடனே என் அறைக்கு வந்து நிற்பார். "இன்னொரு வாட்டி பாரும்மா" என்பார். இன்னொரு வாட்டி பார்த்தால் இரும்பு மனம் திருந்திவிடும் என்று உண்மையாகவே நம்பிய மனிதர்.

ஒரு கட்டத்தில் பரிசோதனையை வெளியே கொடுத்துவிடுவது என்று முதலாளி முடிவு செய்தார். வெளியே கொடுத்தால் எல்லாம் தேறிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கணக்குப் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

வீடு என்றால் ஆவடியில் குவார்ட்டர்ஸ். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர், வேலை முடிந்ததும் திரும்பிப் போவதாகத்தான் அவருக்கு எப்போதும் எண்ணம். எங்கள் பிளாக்கில் எல்லாருமே அப்படித்தான். ஆளுக்கொரு ஊரின் சாம்பார், ஆளுக்கொரு ஊரின் திமிர். அவரவர் ஊரைப் பற்றி அவரவர் சொன்ன பெருமைகளைக் கேட்டே வளர்ந்ததால் ஊர்ப்பெருமை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும்.

வீட்டில் சும்மா இருந்த நாட்களில் போனில் ஒரு காணொலி பார்த்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர், பழந்தமிழன் செய்த வாள் பாறையை வெண்ணெய் போல வெட்டும் என்றார். எப்படி வெட்டும், எந்த இரும்பு, எவ்வளவு கரி சேர்ந்த இரும்பு, எதுவும் கிடையாது. பின்னணியில் பறை அடித்தார்கள். அதைப் பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே கருத்துப் பகுதியில் எல்லாருக்கும் மெய் சிலிர்த்திருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த ஆள் சொல்வது பொய் என்று யாருக்காவது எழுதிப் போட வேண்டும் என்பதற்காகவே தேட ஆரம்பித்தேன்.

தேடியதில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்தது. பழைய வாள் ஒன்றிலிருந்து நகக்கண் அளவு துண்டு எடுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் தினமும் பார்த்த அதே வரிகள், அதே வெள்ளைத் திட்டுகள். எங்கள் தொழிற்சாலையில் வெப்பமானியும் கணினியும் வைத்துக்கொண்டு கோட்டைவிடுகிற ஒன்றை, ஒரு மண்குவளைக்குள், அடுப்பின் நிறத்தைப் பார்த்தே யாரோ சரியாகச் செய்திருந்தார்கள். காணொலிக்காரர் புகழ்ந்தது இவர்களைத்தான். ஆனால் இவர்கள் செய்தது என்னவென்று அவருக்குத் துளியும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொல்லியல் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம் இல்லாத படிப்பு அது.

"மண்ணு தோண்டுறதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா.

"தோண்டுறது வேற ஆளுங்கப்பா. நான் இரும்பைப் பாக்கப் போறேன்."

"இரும்ப இங்கயே பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

சாத்தூரிலிருந்து அத்தை போன் செய்து, பானை ஓடு பொறுக்குகிற படிப்பா, அதைப் படித்தவளை எவன் கட்டுவான் என்று கேட்டாள். அத்தையின் மருமகன்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அந்தக் கேள்வி என்னை அவ்வளவாக வருத்தவில்லை.

வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது சென்னையில் ஒரு விடுதி. தொல்லியல் அந்த விடுதிக்கான வாடகைச் சீட்டு. மிச்சம் இருந்தவர்கள் பரவசக்காரர்கள். எதைப் பார்த்தாலும் அவர்களுக்குக் கண் கலங்கும். உடைந்த செங்கல்லை இரண்டு கையாலும் ஏந்துவார்கள். இந்த இரண்டு கூட்டத்தில் யாரை அதிகம் பிடிக்கவில்லை என்று நான் ரயிலில் ஆவடி திரும்பும்போதெல்லாம் யோசிப்பதுண்டு. விடுதிக்காரர்களாவது பொய் சொல்லவில்லை.

பேராசிரியர் மெலிந்த, நன்றாக உடுத்துகிற மனிதர். பல வருடங்களுக்கு முன் எழுதிய குறிப்புகளை வைத்து வாசிப்பார். வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று புதிதாக வந்தவர்கள் பேனாவைத் திறப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். எதையும் அவர் உறுதியாகச் சொல்ல மாட்டார். 'இருக்கலாம்', 'வாய்ப்பு உண்டு', 'மறுப்பதற்கில்லை' இந்த மூன்றையும் வைத்தே முழு வருடத்தையும் ஓட்டக் கூடியவர். பத்திரிகைக்காரர்கள் முன்னால் மட்டும் இந்த மூன்றும் மறைந்துவிடும்.

பழங்கால இரும்பு உலை பற்றிய வகுப்பில் கரும்பலகையில் ஓர் உலை வரைந்தார். துருத்தியிலிருந்து காற்று போகிற குழாயை உலையின் உச்சியில் போட்டார்.

"சார், குழாய் அடியிலதான இருக்கணும்? மேல இருந்து ஊதுனா கீழ இருக்கற கரி எப்படி எரியும்?" என்றேன்.

திரும்பிப் படத்தைப் பார்த்தார். "காத்து எங்க வேணும்னாலும் போகும்மா" என்றார். வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. அன்றிலிருந்து நான் 'இன்ஜினியரிங் பொண்ணு'.

அந்த வருடக் கடைசியில் அந்தப் பட்டப்பெயரே எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆவடிப் பக்கம் ஒரு மரபுக் குழு இருப்பதாகவும், அவர்கள் ஓர் ஏரிக்கரையில் இரும்புக் கசடு மேடு ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய உருக்காலையாக இருக்கலாம் என்றும் சொன்னார். கசடு என்பது இரும்பை உருக்கும்போது ஒதுங்குகிற கழிவு. உலை இருந்த இடத்தில் உலை அழிந்துபோனாலும் கசடு கிடக்கும். "உனக்குப் பக்கம்தானே. நுண்ணோக்கியில பார்த்துக் குடுத்துடு. கட்டுரையில உன் பேரும் வரும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் வளர்ந்த பக்கத்திலேயே ஓர் உலை. முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன்.

பருத்திப்பட்டு ஏரி என்றால் நடைபாதை, படகு, மாலையில் கூட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். இது அது இல்லை. அங்கிருந்து பூந்தமல்லி போகிற வழியில் உள்ளே தள்ளி, பெயர் சொன்னால் பக்கத்துத் தெருக்காரர்களே எது என்று கேட்கிற சின்ன ஏரி. பாதி ஆகாயத்தாமரை, மீதி வீட்டுமனை. கரையோரம் சீமைக்கருவேலத்துக்கு நடுவில் அந்த மேடு இருந்தது. அதன் முன்னால் ஏற்கெனவே ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு வாள், ஒரு புலி, ஒரு எரிமலை. எரிமலை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

குழுவினர் ஒரே மாதிரி கறுப்பு பனியன் போட்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவருக்கு அறுபது வயது இருக்கும். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனபின் கையில் நேரமும் குரலில் கனமும் மிஞ்சியவர்.

"வா பாப்பா, வா. நீதான் இரும்பு பாக்கற பொண்ணா? குவார்ட்டர்ஸ்ல கீறியாமே. ப்ரொபசர் சொன்னாரு" என்றார். பிறகு மேட்டைக் காட்டி, ஊர்வலத்தில் சாமியைக் காட்டுகிற மாதிரி ஒதுங்கி நின்றார். "பாரு. இங்கேந்து ரோமாபுரிக்குப் போயிருக்குது இரும்பு."

நான் குனிந்து ஒரு துண்டை எடுத்தேன். பழைய உலையின் கசடு கனக்கும். அந்தக் காலத்து உலையில் பாதி இரும்பு கசடோடு போய்விடும், அதனால் கறுப்பாக, கையில் எடுத்தால் எடை தெரிகிற மாதிரி இருக்கும். இது லேசாக இருந்தது. உடைந்த சோடா பாட்டில் மாதிரி பச்சையாகப் பளபளத்தது. எஸ்டேட்டில் எங்கள் தொழிற்சாலையின் பின்கட்டில் மலையாகக் குவிந்து கிடந்து, லாரியில் அள்ளிப்போகிற அதே பச்சை. இன்னொரு துண்டைப் புரட்டினேன். அதற்குள் கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, பஞ்சு மாதிரி ஒரு கரித்துண்டு சிக்கியிருந்தது. அது மரக்கரி இல்லை. தொழிற்சாலைகளில் எரிக்கிற கோக்.

மேட்டைச் சுற்றி வந்தேன். மறுபக்கத்தில் உலைக்குள் அடுக்குகிற தீச்செங்கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன் முதுகில் ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருந்தன.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

பனியன் போட்ட ஒருவர் முந்திக்கொண்டு, "அது பின்னாடி வந்து வுழுந்துது மேடம்" என்றார். தலைவர் ரோமாபுரி பற்றிய பேச்சைத் தொடர்ந்தார். காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி அந்தச் செங்கல்லின் மேல் போட்டார். நிதானமாக, பேச்சை நிறுத்தாமலே போட்டார். நான் அதைப் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரிந்தது. "ஊட்டாண்ட வா, டீ சாப்ட்டுப் போலாம்" என்றார்.

டீயில் சர்க்கரை அதிகம். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படங்களில் எல்லாம் அவரே யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

கையோடு எடுத்துவந்த துண்டுகளோடு மறுவாரம் பழைய தொழிற்சாலைக்குப் போனேன். நுண்ணோக்கியை இன்னும் விற்றிருக்கவில்லை, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். உற்பத்தி மேலாளர் என்னை உள்ளே விட்டார். கசடுக்குள் சிக்கியிருந்த ஒரு சின்ன இரும்பு முத்தைத் தேய்த்துப் பார்த்தேன். புழு புழுவாகக் கறுப்புக் கோடுகள். சாதாரண வார்ப்பிரும்பு. எஸ்டேட்டில் எந்தக் கொட்டகையில் கேட்டாலும் கிடைக்கும். படம் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன்.

"சார், இது பழசு இல்ல. அம்பத்தூர் ஃபவுண்டரிக் கழிவு. லாரில கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலைப் பார்த்தார். "அப்படி உறுதியாச் சொல்லிட முடியாது இல்லையா?"

"உள்ள கோக் இருக்கு சார்."

"கோக் மேல வந்து கலந்திருக்க வாய்ப்பு உண்டு."

"கசடு உருகி இருக்கும்போதே உள்ள மாட்டுனாத்தான் சார் இப்படி இருக்கும். பாறைக்குள்ள போய் எப்படிக் கலக்கும்?"

"அடியில பழைய அடுக்கு இருப்பதை மறுப்பதற்கில்லை."

"தோண்டிப் பாத்தமா சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் நல்ல மாதிரிகளா எடுத்துட்டு வாம்மா" என்றார். நல்ல மாதிரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் அதற்கு 'இன்னொரு வாட்டி பாரும்மா' என்று பெயர். படங்களை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. வேலப்பன்சாவடிப் பக்கம் இருக்கிற கல்லூரிகளில் ஒன்றில் ஒருநாள் கருத்தரங்கு வைத்தார்கள். மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்ததால் நான் போய்ச் சேர்ந்தபோது குத்துவிளக்கு ஏற்றி முடித்து, நன்றியுரைக்கு முந்தைய நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. குளிர்சாதன அரங்கம். வருகைப்பதிவுக்காக உட்காரவைக்கப்பட்ட முதலாமாண்டு மாணவர்கள் தலையைக் குனிந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கறுப்பு பனியன்கள், நடுவில் தலைவர், வெள்ளை வேட்டியில்.

பேராசிரியர் பேசினார். அன்று 'இருக்கலாம்' இல்லை, 'வாய்ப்பு' இல்லை. சென்னையின் மேற்கே ஒரு தொல் உருக்காலை கண்டறியப்பட்டுள்ளது என்றார். திரையில் ஏரி வந்தது. மேடு வந்தது. பச்சைக் கசடு வந்தது. அடுத்து என் படம் வந்தது. நான் தேய்த்து, நான் எடுத்த படம். எந்தப் படத்தைக் காட்டி இது ஃபவுண்டரிக் கழிவு என்று அவரிடம் சொன்னேனோ அதே படம். கீழே 'பழங்கால உருக்கின் நுண்ணமைப்பு' என்று எழுதி, அதற்கும் கீழே நன்றி என்று போட்டு என் பெயர். பெயரில் ஒரு எழுத்துப்பிழை வேறு.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் பெயரை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சேர்த்திருந்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். மைக் வருவதற்கு நேரமானது. அதற்குள் உட்கார்ந்துவிடலாமா என்று கால் ஒரு தடவை மடங்கியது. மைக் வந்ததும் சொன்னேன். "அந்தப் படம் நான் எடுத்தது. அது சாதாரண வார்ப்பிரும்பு. அந்தக் கசடு அம்பத்தூர் ஃபவுண்டரிகள்ல இருந்து வந்தது. அதுக்குள்ள கோக் இருக்கு. பக்கத்துல ஆங்கில எழுத்துப் போட்ட தீச்செங்கல் கிடக்கு. இதை நான் சார்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்."

அரங்கம் அதிரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஒன்றும் அதிரவில்லை. போனில் விளையாடியவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் புன்னகை செய்தார். தலைமை வகித்த பெரியவர் மைக்கை இழுத்து, "மாணவியின் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். இளைய தலைமுறையின் இப்படிப்பட்ட கேள்விகள்தான் துறையை வளர்க்கும். மதிய உணவு தயாராக இருப்பதாகச் சொல்கிறார்கள்" என்றார். கை தட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை, உணவுக்காகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு உண்மை வேண்டாம் என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவர்களுக்குப் பொய்யும் வேண்டியிருக்கவில்லை. எதுவாக இருந்தாலும் சாம்பார் சாதத்துக்கு முன்னால் முடிந்தால் போதும்.

தட்டோடு வரிசையில் நின்றபோது பின்னால் ஒரு குரல். "கோக் இருக்கற துண்டு கையில இருக்கா?"

நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம். வேறொரு ஊரில், பழைய உலோகங்களை ஆராய்கிற ஆய்வுக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பேசிவிட்டுக் கிளம்ப இருந்தவர், டிராபிக்குக்குப் பயந்து தங்கிவிட்டாராம். பைக்குள் இருந்த துண்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சொன்னது சரியா இருக்கும். ஆனா சொன்ன விதம் படு மோசம்" என்றார்.

"மேடம்?"

"வார்ப்பிரும்பு முத்து இருந்தா புதுசுன்னு யார் சொன்னா? பழைய உலையிலயும் சூடு எகிறுனா அது வரும். கோக்னு கண்ணால பாத்துச் சொல்றீங்க. கந்தகம் எவ்வளவு? சுண்ணாம்பு எவ்வளவு? பாத்தீங்களா? இல்ல. அவரு கண்ணால பாத்து பழசுங்கறாரு, நீங்க கண்ணால பாத்து புதுசுங்கறீங்க. என்ன வித்தியாசம்?"

எனக்கு அழுகை வருகிற மாதிரி கோபம் வந்தது. இத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று பேசியவள் நான் ஒருத்தி, என்னையும் அந்த மனிதரையும் ஒரே தட்டில் வைக்கிறாரே என்று நினைத்தேன். ஏதாவது கடுமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். சுண்ணாம்பை நான் பார்க்கவில்லைதான்.

"துண்டை நான் எடுத்துட்டுப் போறேன். அளந்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு அப்பளம் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாளே தலைவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். முகவரி எப்படிக் கிடைத்ததோ. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன தகராறோ என்று கதவோரம் நின்றாள்.

"ஏன் பாப்பா, ஊரு பேரையே கெட்த்துட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

"அங்க லாரி வந்து கொட்டுனது உங்களுக்குத் தெரியாதாங்க? நீங்கதான அந்தச் செங்கல் மேல மண்ணத் தள்ளுனீங்க?"

காபியை ஆற்றினார். "தெரியும். எங்க நைனாதான் கொட்டச் சொன்னாரு. பள்ளமா இருந்துது, மாடு வுழுந்துடும்னு. நான் அப்ப பள்ளிக்கூடம் போய்கினு இருந்தேன். லாரி வந்தா சூடா பொகையும், பாக்க சோக்கா இருக்கும்."

"தெரிஞ்சே ரோமாபுரி வரைக்கும் போனீங்களா?"

"அடில இருக்கலாம்ல பாப்பா. யாரு கண்டா." அப்பாவைப் பார்த்தார், ஆதரவுக்கு. அப்பா தரையைப் பார்த்தார். "உங்க ஊர்ல எல்லாம் கோயில் கீது, கோட்டை கீது, பேரு கீது. எங்குளுக்கு இன்னா கீது? ஏரி ஒண்ணு. அதுலயும் பாதிய நாங்களே வித்துட்டோம். மெட்ராஸுக்கு மேற்கால இன்னா இருந்துதுன்னு எவனாவது கேக்கறானா? ஒரு பேனரு கட்னோம். அது பொறுக்கலியா உனக்கு?"

இந்த இடத்தில் என் மனம் இளகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இளகவில்லை. எழுபது தலைமுறை பெருமை இல்லாவிட்டால் ஒரு மனிதனால் அயனம்பாக்கம் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார முடியாதா என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் பொய் சொன்னதற்கு அவருக்கு ஒரு காரணமாவது இருந்தது, அதை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னார். பேராசிரியரிடம் அதுவும் கிடையாது. அவருக்கு அது இன்னொரு கருத்தரங்கு. இரண்டு பேரையும் அதற்குமுன் ஒரே மாதிரி இளக்காரமாக நினைத்திருந்தேன். அன்றிலிருந்து தனித்தனியாக நினைத்தேன்.

"அடியில இருக்கான்னு தெரியணும்னா முறைப்படி அனுமதி வாங்கித் தோண்டணும். தோண்டலாம். ஒண்ணும் இல்லன்னாலும் ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்க மாட்டேன்" என்றார். காபியைக் குடித்துவிட்டு, அம்மாவிடம் காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அப்பா நாற்காலியை ஓரமாக நகர்த்தினார், முதல் நாள் இரவு நான் புலம்பியதை அவர் மறந்திருக்கவில்லை. பிறகு, "அந்தப் படம் நீ எடுத்ததுன்னு மேடையிலயே சொன்னியா?" என்றார்.

"மேடையில இல்லப்பா. கீழ இருந்து."

"மைக்குல?"

"மைக்குலதான்."

"சரி" என்றார். அதற்குமேல் மண் தோண்டுகிற படிப்பு பற்றி அவர் பேசவில்லை. அத்தையிடம் போனில் பேசும்போது மட்டும் 'ஆராய்ச்சி' என்ற சொல் அடிக்கடி அடிபட ஆரம்பித்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் துறை நடத்திய அகழாய்வுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, பெண்களுக்குத் தங்குமிட வசதி குறைவு என்றார் பேராசிரியர். மற்ற மூன்று பெண்கள் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். பரவசக்காரர்களில் ஒருத்தி அங்கிருந்து பானை ஓட்டைக் கன்னத்தில் வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். நான் ஆவடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கசடின் வேதியியல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சுண்ணாம்பைப் பற்றித்தான் முதலில் படித்தேன்.

சில மாதம் கழித்து அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. ஓர் அட்டவணை. சுண்ணாம்பு மிக அதிகம், இரும்பு மிகக் குறைவு, கரித்துண்டில் கந்தகம் உண்டு. கடைசியில் ஒரு வரி: 'கோக்தான். இனிமேல் சொல்லலாம்.' அதைப் படித்துவிட்டு வந்த சந்தோஷம், அரங்கத்தில் எழுந்து நின்றபோதுகூட வரவில்லை. பேராசிரியருக்கும் அதை அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை. கட்டுரை ஒரு மலரில் அச்சாகி வந்தது, என் படத்தோடு, அதே எழுத்துப்பிழையோடு.

முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு, துண்டை வாங்கிப்போன அந்த அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்கே விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், தொல்லியலில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பரவசக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோயிலுக்குப் போனேன், கல்லைத் தொட்டேன், சிலிர்த்தது.

"தெரியாம பேசறவங்களைப் பாத்துக் கோபம் வந்து வந்தேன்" என்றேன்.

"கோபம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார் அவர்.

"தெரியல சார். இதுவரைக்கும் தாங்கிடுச்சு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கசடின் எடையை வைத்து உலையில் எவ்வளவு இரும்பு கிடைத்திருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கேட்டார். பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அங்கே இருக்கிறேன். முதல் வருடம் முழுக்க, எந்த மேட்டிலிருந்தோ யாரோ முறையாகத் தோண்டியெடுத்து மூட்டை கட்டி அனுப்பிய கசடைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டேன். கறுப்பு, கனம், கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கும். போன மாதம் நாங்கள் மூன்று ஆய்வு மாணவர்கள் சேர்ந்து, கூடத்தின் பின்புறம் களிமண்ணில் உமி கலந்து பழைய முறைப்படி ஓர் உலை கட்டினோம். குழாயை அடியில்தான் வைத்தோம். மரக்கரியும் தாதும் மாற்றி மாற்றிப் போட்டு, காலையிலிருந்து துருத்தி மிதித்தோம். சாயங்காலம் உலையின் பக்கச்சுவர் வெடித்து எல்லாம் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது. ஆறவிட்டு உடைத்துப் பார்த்தால் பாதி வெந்த தாது, எரியாத கரி, கைப்பிடி அளவுக்குக் கசடு. இரும்பு இல்லை.

அந்த அம்மா வந்து ஒரு குச்சியால் கிளறினார். "எங்க தப்பு?" என்றார்.

"களிமண்ணுல உமி பத்தல" என்றான் ஒருவன். துருத்தியின் வேகம் சீராக இல்லை என்றாள் இன்னொருத்தி. தாதைச் சின்னதாக உடைத்திருக்க வேண்டும் என்றேன் நான். மூன்று பேரும் சத்தமாகச் சண்டை போட்டோம். யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஆனாலும் யாரும் 'மறுப்பதற்கில்லை' என்று சொல்லவில்லை. கை, முகமெல்லாம் கரி. அப்படியே கேண்டீனுக்குப் போய், டீ ஆறுகிற வரைக்கும் உமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த உலைக்கு மண் பிசைய மறுநாள் காலையில் வருவதென்று முடிவானது.